சர்க்கரை நோயாளிக்குச் சீனி கொடுக்க வேண்டிய நேரம்

(ரமலானுக்கு முன்பாகத் தோணிரேவில் குடும்பங்களுக்காக நடந்த நலக் கூட்டத்தில் எங்கள் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சர்க்கரை நோய் பற்றி நாம் இதுவரை கேட்ட பேச்செல்லாம் சர்க்கரை ஏறுவதைப் பற்றியது. இனிப்பைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், நடங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் பழகிவிட்டது. அதெல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் இன்சுலின் ஊசி போடுகிற வீடுகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது சர்க்கரை இறங்கிப் போவது. ஏறின சர்க்கரை வருடக் கணக்கில் கெடுதி செய்யும். இறங்கின சர்க்கரை அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இன்று அதைப் பற்றி மட்டும் பேசப் போகிறோம்.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அப்படியானால் நம் தெருவில், நம் சொந்தத்தில், ஊசி போடுகிறவர் ஒருவராவது இருப்பார். அவருக்காக மட்டுமல்ல, அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும்தான் இந்தப் பேச்சு. ஏனென்றால் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால் நோயாளியால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரையே குறைந்துவிட்டதால் அவருக்கு யோசிக்க வராது. பக்கத்தில் இருப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

முதலில், சர்க்கரை ஏன் இறங்குகிறது? இன்சுலின் என்பது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடம்பின் தசைகளுக்குள் அனுப்புகிற மருந்து. நல்ல உடம்பில் கணையம் சாப்பாட்டைப் பார்த்து அளவாகச் சுரக்கும், சர்க்கரை குறைந்தால் நிறுத்திக்கொள்ளும். ஊசியில் போட்ட மருந்துக்கு அப்படி நிறுத்திக்கொள்ளத் தெரியாது. போட்டது போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்துக் கடைகளிலும் பலர் வாங்குவது 30/70 என்று எழுதிய கலவை இன்சுலின். அதில் ஒரு பங்கு அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். பெரிய பங்கு மெதுவாக எழும்பி நாலு மணியிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். இரவு 8 மணிக்குப் போட்ட ஊசி நள்ளிரவுக்குப் பிறகும் பலமாக வேலை செய்கிறது என்றால் காரணம் இதுதான். காலை ஊசியைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிப்போட்டால் ஒரு மணிக்கே படபடப்பு வருவதும் இதனால்தான்.

ஆகவே முதல் விதி: ஊசி போட்டால் சாப்பாடு உறுதி. கலவை இன்சுலினை அரை மணி நேரம் முன்னதாகப் போடச் சொல்லியிருப்பார்கள். சோறு வடித்து இறக்கும் முன்பு, மீன் வாங்கி வரும் முன்பு, 'வந்துடுவாங்க' என்ற நம்பிக்கையில் ஊசியைப் போட்டுவிடக் கூடாது. சாப்பாடு கண்ணுக்கு முன் இருக்கும்போது ஊசியை எடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாளில் வழக்கமான அளவையே போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. ஊசியை நீங்களாகவே முழுசாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரையோ செவிலியரையோ கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

உழைப்பும் சர்க்கரையை இறக்கும். ஏரிக்குப் படகில் போகிறவர், விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவர், வலை இழுப்பவர், மூட்டை தூக்குபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். வழக்கத்தைவிட அதிகமாக உழைத்த நாளில் அன்று மாலையும் இரவும்கூடச் சர்க்கரை இறங்கலாம். தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே நீண்ட தூரம் நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ மருந்து வேகமாக ஏறும். கடும் வெயிலிலும் அப்படித்தான். தண்ணீருக்குப் போகிறவர் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். படகில் மயக்கம் வந்தால் நோயைவிடத் தண்ணீர்தான் முதல் ஆபத்து. பொன்னேரிக்கு பைக்கில் போகிறவரும் கிளம்பும் முன் வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது ஊசிக் குழல். இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டில் பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40 யூனிட் குழலுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் குழலுக்கு ஆரஞ்சு மூடி இருப்பது வழக்கம். பேனா கெட்டுப்போயிற்று என்று அந்தக் குப்பியிலிருந்து 40 யூனிட் குழலில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். 20 யூனிட் போட்டோம் என்று நினைப்பார்கள், போனது 50 யூனிட். பாட்டிலில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'போட்டேனா, போடலையா' என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை போடாமல் இருக்க நாட்காட்டியில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அங்கே கட்டி மாதிரி தடித்துவிடும். அதில் போட்ட மருந்து ஒரு நாள் ஏறாது, ஒரு நாள் மொத்தமாக ஏறும். தடித்த இடத்தை விட்டுவிட்டு இடம் மாற்றிப் போடுங்கள். அப்படி மாற்றும்போது மருந்து நன்றாக ஏறத் தொடங்குவதால் முதல் சில நாட்கள் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

மருந்து கெட்டுப்போவதும் இதில் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல இடங்களில் மின்சாரம் இல்லாமல் நாட்கள் போனது நினைவிருக்கும். வெயிலில் சூடேறிய இன்சுலின் பலம் குறைந்துவிடும். சர்க்கரை ஏறுகிறதே என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு புதுப் பாட்டில் வாங்கியதும் அதே கூடுதல் அளவைப் போடுவார்கள். அன்று சர்க்கரை விழும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, அதில் தண்ணீர் படாதபடி பாட்டிலை மூடி வைக்கலாம். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் உதவாது.

இப்போது அடையாளங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடப்பு, திடீர்ப் பசி, தலைவலி, கண் மங்கல். அதற்குப் பிறகு காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல், தடுமாற்றம், சொன்னது புரியாமல் விழிப்பது. கடைசியில் வலிப்பு, மயக்கம். இரவில் என்றால் வியர்வையில் நனைந்த தலையணை, கெட்ட கனவு, தூக்கத்தில் கத்துவது, காலையில் கனமான தலைவலி.

இந்த அடையாளங்களை நம் மக்கள் பல விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். தெருவில் தடுமாறுகிறவரைக் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போவார்கள். வீட்டில் கத்துகிறவரைக் கண்ணேறு என்பார்கள், காத்துக் கருப்பு என்பார்கள். ஓதிப் பார்ப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் சர்க்கரையைப் பாருங்கள், வாய்க்குச் சீனி போகட்டும், பிறகு ஓதுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு ஒன்று உண்டு: 'அவருக்குச் சர்க்கரை வியாதி, சீனி கொடுத்துடாதீங்க' என்று தடுப்பது. ஊசி போடுகிறவர் வியர்த்து நடுங்கும் அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. சோதிக்கும் கருவி கையில் இல்லை என்றால் சோதிக்காமலேயே கொடுங்கள். ஏறியிருந்த சர்க்கரை மூன்று கரண்டிச் சீனியால் கொஞ்சம் கூடினால் பிறகு சரிசெய்யலாம். இறங்கியிருந்த சர்க்கரைக்குச் சீனி கிடைக்காமல் போனால் உயிரே போகலாம்.

சோதித்துப் பார்த்து 70-க்குக் கீழே என்றால் அது தாழ்வு. 54-க்குக் கீழே என்றால் கடுமை. செய்ய வேண்டியது இது. 15 கிராம் அளவு இனிப்பு உடனே கொடுங்கள். மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியையோ குளுக்கோஸ் பொடியையோ அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். ஒரு மேசைக்கரண்டித் தேனும் ஆகும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடியும் கொடுங்கள். சரியானதும், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு இட்லியோ ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் இறங்கும்.

சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகத்தான் ஏறும். சீனி போடாத டீயும், சர்க்கரை இல்லாத இனிப்பு மாத்திரையும் பயன்படாது. இளநீரில் இருக்கும் சர்க்கரை இதற்குப் போதாது. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சீனி தாமதமாகத்தான் வேலை செய்யும். அவர்கள் வீட்டில் கட்டாயம் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும்.

ஆள் மயங்கி, விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். 'சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறவர், மயங்கிவிட்டார்' என்று அந்த மூன்றையும் சொல்லுங்கள். நினைவு திரும்பினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை இறக்கும். அவற்றால் வந்த தாழ்வு சீனி கொடுத்துச் சரியான பிறகும் அன்று முழுவதும் திரும்பத் திரும்ப வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அவர்கள் அளவும் குறைய வேண்டியிருக்கும்.

அடிக்கடி தாழ்வு வருகிறவர்களுக்கு நாளடைவில் நடுக்கமும் படபடப்பும் வராமலே நேரடியாக மயக்கம் வரும். உடம்பு எச்சரிப்பதை நிறுத்திவிடுகிறது. 'எனக்கு 50 வந்தாலும் ஒன்றும் தெரியாது' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமை இல்லை, மிகப் பெரிய ஆபத்து. அவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இனி நோன்புக்கு வருவோம். நம் வீடுகளில் இந்த விஷயம் கடினமாவது இங்கேதான்.

2001-இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் சர்க்கரை நோயுள்ள 12,243 முஸ்லிம்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதம் பேர் ரமலானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான தாழ்வு மற்ற மாதங்களைவிட ரமலானில் முதல் வகை நோயாளிகளுக்கு 4.7 மடங்கும், இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. நம் மக்களுக்கு நோன்பின் மேல் உள்ள பிரியத்தை முதல் கணக்கு சொல்கிறது. அந்தப் பிரியத்துக்கு முன்கூட்டிய ஏற்பாடு தேவை என்பதை இரண்டாம் கணக்கு சொல்கிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வாப்பாவுக்கு 60 வயது தாண்டிவிட்டது. ஸஹரில் ஊசி போட்டு, கொஞ்சமாகச் சாப்பிட்டு நோன்பு வைத்திருக்கிறார். அஸர் தொழுதுவிட்டு வந்து உட்காருகிறார், நெற்றி வியர்க்கிறது, கை நடுங்குகிறது. மருமகள் சோதித்துப் பார்த்தால் 62. 'இன்னும் இரண்டு மணி நேரம்தானே, பாங்கு சொல்லட்டும், பொறுத்துக்கிறேன்' என்கிறார் வாப்பா. வீட்டில் எல்லோரும் தயங்குகிறார்கள். பெரியவர் சொல்லை மீறுவதா, நோன்பை முறிக்கச் சொல்வதா?

மஃரிப் வரை அந்த 62 அப்படியே நிற்காது. ஸஹரில் சாப்பிட்டது எப்போதோ தீர்ந்துவிட்டது, மருந்து இன்னும் வேலை செய்கிறது. அது 50 ஆகும், 40 ஆகும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் நீரிழிவு - ரமலான் கூட்டணியும் சேர்ந்து 2016-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், 70-க்குக் கீழே போனால் நோன்பை உடனே முறிக்கச் சொல்கிறது. 300-க்கு மேலே போனாலும் அப்படியே. மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் இதே விதிதான்.

மார்க்கம் இதில் நம்மைக் கைவிடவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கிறான், வேறு நாட்களில் நோற்கும்படி சொல்லியிருக்கிறான். நமக்கு எளிதையே விரும்புகிறான் என்றும் அங்கேயே சொல்கிறான். விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்யலாம். இனி நோற்கவே முடியாத நிலையில் இருப்பவருக்கு ஃபித்யா இருக்கிறது. தம் நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாப்பாவிடம் மருமகள் சொல்ல வேண்டியது இதுதான்: 'மாமா, அல்லாஹ் கொடுத்த சலுகையைத்தான் எடுத்துக்கிறீங்க, இந்தத் தண்ணியைக் குடிங்க.'

விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியுமா என்று பலர் கேட்கிறார்கள். 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சோதனைக்காக இரத்தம் எடுப்பதும், உணவாகச் செலுத்தப்படாத ஊசிகளும் நோன்பை முறிக்காது என்று முடிவு செய்திருக்கிறது. ஆகவே நோன்பு நேரத்தில் தாராளமாகச் சோதிக்கலாம். ஸஹருக்கு முன், காலையில், லுஹர் நேரத்தில், அஸர் நேரத்தில், இஃப்தாருக்கு முன், இஃப்தாருக்கு இரண்டு மணி நேரம் கழித்து, உடம்பு ஒரு மாதிரி இருக்கும் எந்த நேரத்திலும் பாருங்கள்.

யார் நோன்பு வைக்காமல் இருப்பது நல்லது? கடந்த மூன்று மாதத்தில் கடுமையான தாழ்வு வந்தவர், தாழ்வு வந்தாலும் அடையாளம் தெரியாதவர், அடிக்கடி தாழ்வு வருகிறவர், சிறுநீரகம் மிகவும் பழுதானவர், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத முதல் வகை நோயாளிகள். மற்றவர்கள் மருத்துவரைப் பார்த்து முடிவு செய்யலாம். அதை ரமலான் பிறை பார்த்த பிறகு அல்ல, ஆறு முதல் எட்டு வாரம் முன்பே செய்ய வேண்டும். கலவை இன்சுலின் இருவேளை போடுகிறவருக்குக் காலை அளவை இஃப்தாருக்கு மாற்றி, இரவு அளவைக் குறைத்து ஸஹருக்கு வைப்பது மருத்துவர்கள் செய்யும் வழக்கம். எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் குறைத்த அளவை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸஹரைப் பிற்படுத்துவதும் நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவதும் நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. ஊசி போடுகிறவருக்கு அதுவே மருத்துவமும்கூட. நள்ளிரவிலேயே சாப்பிட்டுப் படுத்துவிட்டு ஸஹரை விட்டுவிடுவது அவருக்கு ஆகாது. பகலில் கடும் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தராவீஹ் தொழுகையும் உடம்புக்கு ஒரு பயிற்சிதான். பள்ளிக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து யாரும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் 1921-இல் கண்டுபிடிக்கப்படும் முன்பு முதல் வகை நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்று அந்தப் பிள்ளைகள் படித்து, மணமுடித்து, பேரன் பேத்தி பார்க்கிறார்கள். அல்லாஹ் தந்த அருமருந்து அது. அதோடு வாழும் முறையை வீடே கற்றுக்கொண்டால் போதும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. ஊசி போடுகிறவர் இருக்கும் வீட்டில் குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலம், எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் இருக்கட்டும். அவருடைய மருந்தின் பெயர், அளவு, 108, உறவினர் எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அவர் பையில் வையுங்கள். வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். மதிய நேரத்தில் பெரியவரோடு தனியாக இருப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். மருந்துக்கும் சந்தேகத்துக்கும் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பொன்னேரி அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடமும் தாழ்வு வந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைக் கவனிப்பவர்களுக்கு அறிவையும் பொறுமையையும் தருவாயாக. ரமலானை நலமோடு அடையச் செய்வாயாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.